குறுக்கே நின்ற மனுஷன்

"ஏங்க, நகருங்க! சூரியன் வரப் போகுது!"

இளவரசி கத்திய கத்தலில் யமுனைப் படித்துறையே திரும்பிப் பார்த்தது. அவள் கணவர் கலியமூர்த்தி மட்டும் அசையவில்லை. அத்தனை பேர் கேமராவோடு காத்திருக்க, கடைசிப் படியில் நட்டநடுவே நந்தி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

இளவரசி அனுப்பும் படம் எதுவும் இதுவரை போட்டோ கிளப் கண்காட்சிச் சுவரில் ஏறியதில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்று லக்ஷ்மிபாய் நகரிலிருந்து இருட்டோடு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். பை தூக்கத் துணைக்கு வந்தவர்தான் இந்த மனுஷன்.

"உங்க ஹஸ்பெண்ட்தானே? ஜல்தி நகரச் சொல்லுங்க. எல்லார் ஃப்ரேமும் கெடுது" என்றாள் கிளப் தலைவி ரோஹிணி.

"என்னங்க, காது கேக்கலையா?"

"கேக்குது, கேக்குது. செத்த இரு."

சொல்லிவிட்டு நகர்ந்தாரா? அதுதான் இல்லை. தோளிலிருந்த சால்வையை எடுத்து, இவர்களைப் பார்த்தபடி இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"சினிமா ஹீரோன்னு நெனப்பு!" என்றாள் ரோஹிணி. எல்லாரும் சிரித்துக்கொண்டே கேமராவை இறக்கினார்கள். இளவரசிக்கு மானமே போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் பனியை விலக்கிக்கொண்டு பாலத்துக்கு மேல் சூரியன் எட்டிப் பார்த்தது. படகுக்காரன் ஒருவன் பறவைகளுக்கு ஓமப்பொடியை அள்ளி வீசினான். சைபீரியப் பறவைகள் கூட்டமாக எழும்பிக் கலியமூர்த்தியைச் சூழ்ந்துகொண்டன.

'எக்கேடோ கெடட்டும்' என்று ஆத்திரத்தோடு பட்டனை அழுத்தினாள் இளவரசி. ஒரே ஒரு கிளிக்.

வீடு வந்து சேரும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு படம் இல்லாத குறைக்கு அதையே கண்காட்சிக்கு அனுப்பி வைத்தாள்.

அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு!

சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். பொன் வெளிச்சம், பறவைக் கூட்டம், நடுவே தானும் சிறகு விரித்த மாதிரி ஒரு மனுஷன். ஹாலே எழுந்து கைதட்டியது. ரோஹிணி பொன்னாடை போர்த்தி, "இந்த ஃப்ரேம் ஜெயிக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் கூசாமல்.

இளவரசிக்குத் தலைகால் புரியவில்லை. மேடையிலிருந்து இறங்கி, படத்தின் அருகே போய் ஆசை தீரப் பார்த்தாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

சால்வைக்குக் கீழே, அவருடைய கேன்வாஸ் ஷூவுக்குப் பின்னால், இன்னும் இரண்டு கால்கள். கொலுசு போட்ட ஈரக் கால்கள். பக்கத்தில் அவிழ்ந்து கிடந்தது ஒரு நனைந்த புடவை.

அந்தப் படித்துறையில் குளிக்க வரும் பெண்கள், ஒருத்திக்கு இன்னொருத்தி புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் உடை மாற்றுவார்கள். இவள் துணையில்லாமல் தனியாக வந்தவள். எதிரே முழ நீள லென்ஸ்களோடு ஒரு கும்பல். அதில் தானும் ஒருத்தி.

இளவரசி, கடைசி வரிசையில் இருந்த கணவரிடம் விடுவிடுவென்று போய், தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து எல்லார் முன்னாலும் அவருக்குப் போர்த்தினாள்.

"ஏய், எனக்கு எதுக்கும்மா இது?"

"உங்களுக்குப் பின்னாடி நின்னாங்களே, அவங்க யாருங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கலியமூர்த்தி. "நான்தான் திரும்பியே பாக்கலையே."