பிந்தி வருகிறவளின் பங்கு

ஆராதனை முடிந்து ஒரு மணி பத்து நிமிடமாகிறது. சபை விருந்தின் பாத்திரங்கள் குழாயடியில் உருள்கின்றன. போதகரின் மனைவி மட்டும் ஒரு டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டு நிற்கிறாள். "கொரிந்து சபையில முந்தினவங்க தின்னாங்க, பிந்தினவங்க பட்டினி கெடந்தாங்க" என்று கணவர் இன்று பைபிளிலிருந்து பிரசங்கித்தது அவளைச் சுட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து ஓடிவருகிற அக்கா, படுக்கையிலிருக்கும் கணவனுக்காக வாராவாரம் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதைத்தான் வழித்துப் போவாள். "வழிக்க ஆள் வந்தாச்சு" என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். வாசல் வெயிலில் அக்கா வெறுங்கையோடு நிற்கிறாள். "அக்கா, இந்த வாரம் முதல்லயே எடுத்து வச்சிட்டேன். இன்னும் சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க." டப்பாவை நோக்கி அக்காவின் கை நீளவில்லை. "வேணாம்மா. போதகர் ஐயாவைக் கூப்பிடத்தான் வந்தேன். விடியக்காலைல எங்க வீட்டுக்காரர் தவறிட்டார்."