எந்தக் காலோ அந்தக் கை

ஊசி கஸ்பாரின் இடது காலில் இறங்கியது. கட்டில் ஓரம் நின்றிருந்த சிலுவையம்மாள் தன் இடது கையை மெல்ல மூடினாள்.

"இடது காலு டாக்டரு. சுருக்குன்னுது," என்றான் கஸ்பார்.

ஊசி அடுத்த காலுக்குப் போனது. அவளுடைய வலது கை மூடிக்கொண்டது.

"இப்போ வலது."

பச்சைப் பொய். இடுப்புக்குக் கீழே கஸ்பாருக்கு எதுவுமே தெரியாது. துறைமுகத்தில் சரக்குக் கட்டு அறுந்து முதுகில் விழுந்த நாளிலிருந்து அப்படித்தான். அவன் இடுப்புக்குக் குறுக்கே துணித் தடுப்பு கட்டியிருந்தார்கள். ஊசி அவன் கண்ணில் படாது. பெண்டாட்டியின் கை படும்.

கப்பலின் மேல்தட்டில் நின்று கிரேன்காரனுக்குக் கை காட்டுவதுதான் கஸ்பாரின் வேலை. அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் யார் காதில் விழும்? தூக்கு, இறக்கு, நிறுத்து, எல்லாம் கைதான். அந்த வித்தையில் கொஞ்சத்தைத்தான் பெண்டாட்டிக்குக் கற்றுக் கொடுத்திருந்தான்.

ஞாயிறு பூசை தவறாத சிலுவையம்மாள் இந்தப் பித்தலாட்டத்துக்கு இறங்கியது பயத்தால்தான். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகும் அந்த ஆஸ்பத்திரிச் சட்டம் மட்டும் போகவில்லை. தேறாத கேஸுக்குக் கட்டில் கிடையாது. பக்கத்துக் கட்டில் அம்புரோஸை அப்படித்தான் எண்ணூரிலிருந்த அவன் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓலைக் குடிசை, ஈர மணல், புரட்டிப் போட ஆளில்லை. முதுகெல்லாம் புண் வைத்து, மழை விடுவதற்குள் கல்லறைக்குப் போய்விட்டான்.

காசிமேட்டில் அவள் குடிசையும் அதே லட்சணம்தான். மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டால், புருஷன் காலில் எறும்பு மொய்த்தாலும் அவனுக்குத் தெரியாது.

டாக்டர் வெள்ளத்துரையோ சிரிக்கத் தெரியாத மனிதர். அறுந்த முதுகுத்தண்டு நரம்பு மறுபடி வளருமா என்பது அவருடைய ஆராய்ச்சி.

"மீனுக்கு வளருது. மனுஷனுக்கு ஏன் வளர மாட்டேங்குதுன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்," என்றார் ஊசியைத் துடைத்தபடி. "இதுல ஒருத்தர் பொய் சொன்னாலும் என் உழைப்பு மொத்தமும் குப்பை. பொய்க்காரங்களை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிலுவையம்மாள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பெரிய டாக்டர் வர்றார். யாரை வீட்டுக்கு அனுப்பறதுன்னு அவர்தான் முடிவு பண்ணுவார். அவரே ஊசி வச்சுப் பார்ப்பார்."

மறுநாள் பெரிய டாக்டர் உள்ளே நுழைந்ததும், வெள்ளத்துரை அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ வெளியே போ."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒரு ஓரமா நின்னுக்கிறேன் டாக்டரு. வாயே தொறக்க மாட்டேன்."

"வெளியே போன்னு சொன்னேன்."

கதவு சாத்திக்கொண்டது. படுபாவி, கண்டுபிடித்துவிட்டான்! வராந்தாவில் நின்று ஜெபமாலையை உருட்டினாள். ஒரு ஜெபமும் முழுசாக வரவில்லை. அம்புரோஸின் முதுகுதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

கதவு திறந்தது. பெரிய டாக்டரின் முகமெல்லாம் சிரிப்பு.

"பலே வெள்ளத்துரை. ஆள் ஒண்ணுகூடத் தப்பாச் சொல்லலையே. இங்கேயே இருக்கட்டும். நீர் இதை உடனே எழுதி சீமைக்கு அனுப்பும்."

"இல்லை சார். இவர் காலைப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதப் போறதில்லை," என்றார் வெள்ளத்துரை.

"ஏன்? பேர் கிடைக்குமே."

"வேண்டாம் சார்."

அவர்கள் அடுத்த வார்டுக்குப் போனதும் சிலுவையம்மாள் உள்ளே ஓடினாள்.

"இன்னாய்யா, மெய்யாலுமே காலுக்கு உசுரு வந்துட்சா?"

கஸ்பார் இல்லை என்று தலையசைத்தான்.

"அப்போ எப்டிய்யா கரீட்டா சொன்னே? நான்தான் வெளியில நின்னுகினு இருந்தேனே."

கஸ்பாரின் கண் கலங்கியிருந்தது.

"பெரியவருக்குப் பின்னால நின்னுகினு, வெள்ளத்துரை டாக்டருதான்மே கைய மூடி மூடிக் காமிச்சாரு."