யார் ஏற்றிய படம்

"உண்மையச் சொல்லிடு சிட்டிபாபு. இந்த போட்டோவ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுனது நீதான?"

உதவிப் பொறியாளர் ஆனந்தகுமார் கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் பாதாளச் சாக்கடைத் தொட்டி. அதற்குள் கழுத்தளவு கறுப்புத் தண்ணீரில் ஒரு தலை. சிட்டிபாபுவின் தம்பி கிறிஸ்டோபருடைய தலை.

"நான் எடுக்கல சார். எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு."

"அப்ப யாரையாவது வெச்சி எடுத்திருப்ப. காலையிலருந்து மேலிடத்துல என்னக் கிழிக்கிறாங்க. மனுசன உள்ள இறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது, தெரியாதா உனக்கு?"

எய்தவன் இருக்க அம்பை நோவது என்றால் இதுதான். சிட்டிபாபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க சொல்லித்தான சார் இறங்கினான்? மெசின் கேட்டோம். மெசினுக்கு எங்க போறது, சாயங்காலத்துக்குள்ள முடிங்கடான்னீங்க. நேத்துலருந்து அவன் இருமிக்கினே கிடக்குறான். ஒரு வாய் சோறு இறங்கல."

"எதிர்த்துப் பேசாத. படத்த ஏத்துனவன் யாருன்னு தெரிஞ்சா இன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கிடுவேன்."

ஆளை உள்ளே இறக்கியது அவருக்குக் குற்றமாகவே தெரியவில்லை. படம் வெளியே போனதுதான் குற்றம். சிட்டிபாபு ஒப்பந்தத் தொழிலாளி. அவனைத் தூக்க ஒரு காகிதம்கூட வேண்டாம். தம்பியும் படுத்துவிட்டதால் இப்போது வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கும் அவன் ஒருவனுடைய சம்பளம்தான்.

இரண்டு நாளுக்கு முன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் தறிக்குழிக்குள் சாக்கடை பொங்கி, பட்டுப் பாவு முழுக்க நாசமானது. நெசவாளி மாநகராட்சியின் புகார்ச் செயலியில் புகார் போட்டார். அந்த அடைப்பை எடுக்கத்தான் நேற்று கிறிஸ்டோபர் இறங்கினான். அந்தச் செயலியை மென்பொருள் வேலை பார்க்கும் ஆஷிஃபாவும் அவள் தோழிகளும் விடுமுறை நாள்களில் உட்கார்ந்து, காலணா வாங்காமல் செய்து கொடுத்திருந்தார்கள். புகார் போட்டதிலிருந்து தீரும்வரை எல்லாமே ஊர் பார்வைக்குத் திறந்திருக்கும். செயலி வந்தது. மெசின்தான் வரவில்லை.

ஆனந்தகுமார் வரச் சொல்லியிருந்ததால் ஆஷிஃபாவும் மடிக்கணினியோடு அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, உங்க ஆப்புலருந்துதான இந்தப் படம் வெளிய போச்சு? ஏத்துனவன் எவன்னு கண்டுபிடிச்சியா இல்லியா?"

"கண்டுபிடிச்சுட்டேன் சார்." வார்த்தையில் இருந்த மரியாதை அவள் முகத்தில் இல்லை. "தனியா சொல்றேன்."

நேற்று தம்பியை இறக்கிய கயிற்றைப் பிடித்திருந்த சிட்டிபாபுவின் கண் அதை விட்டு நகரவில்லை. சுற்றி நின்ற மேஸ்திரியும் மற்றவர்களும் என்ன செய்தார்கள் என்று பார்க்கவில்லை. கூடக் கயிறு பிடித்த யாராவது எடுத்திருந்தால்? அவன் பிழைப்பும் போய்விடுமே.

"பேரு வேணாம்மா," என்றான். "அந்தப் படம் வரலன்னா என் தம்பி சாவக் கெடந்ததே ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எவன் ஏத்தியிருந்தாலும் அவன் நல்லா இருக்கட்டும்."

"வாய மூடு," என்று சீறினார் ஆனந்தகுமார். "தனியா கினியா எல்லாம் வேணாம்மா. ஆபீஸ் மொத்தமும் பாக்கட்டும். அப்பத்தான் இன்னொருத்தனுக்கு புத்தி வரும். எல்லாரும் இங்க வாங்கப்பா."

இருக்கைகளை விட்டு எழுந்து எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஆஷிஃபா ஒருமுறை அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.

படத்தின் கீழே இரண்டே வரிகள் இருந்தன. 'பிரிவு: வேலை முடிந்ததற்கான ஆதாரம். பதிவேற்றியவர்: ஆனந்தகுமார், உதவிப் பொறியாளர்.'

"புகார முடிக்கறதுக்கு மேஸ்திரி அனுப்புனத அப்படியே ஏத்திட்டீங்க சார்," என்றாள் ஆஷிஃபா. "ஒரு தடவ திறந்து பாத்திருந்தா, உள்ள ஒரு மனுசன் இருக்கறது தெரிஞ்சிருக்கும்."