முப்பத்தேழு டிகிரி

சூலூர்ப் பக்கம் ஒரு சால்வென்ட் கம்பெனியில் டேங்க் கழுவ இறங்கிய ரூபன் மூச்சடைத்து இறந்தான். அது 1994. அவன் மனைவி கிருபாவுக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள். காய்ச்சி வடிக்கும்போது ஆவிக்குழாயின் தெர்மாமீட்டரைப் பார்த்து மணிக்கொரு தரம் எழுத வேண்டும். அங்கே கலந்து வரும் அசிட்டோன், மெத்தனால் என்ற இரண்டு கரைப்பான்களும் ஐம்பத்தைந்து டிகிரியில் ஒன்றாகவே ஆவியாகும். எத்தனை முறை காய்ச்சினாலும் முழுதாகப் பிரியாது.

அவள் சேர்ந்த நாளில் முப்பத்தேழு காட்டியது. தெர்மாமீட்டரை மாற்றினார்கள், அப்போதும் முப்பத்தேழு. கிருபா குழாயைத் தொட்டுப் பார்த்தாள், ஆள் உடம்புச் சூடு. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகூட அவள் லீவு போடவில்லை.

ஆடியில் ஒரு மத்தியானம் அது முப்பத்துமூன்றுக்கு இறங்கியது.

"ஏனுங்க, வந்து பாருங்க, சில்லுனு ஆகுதுங்க!"

"கொதி நல்லாத்தான இருக்குது அம்மணி, சரக்கும் வருது" என்றார் சூப்பர்வைசர்.

இரண்டு கையாலும் குழாயைப் பொத்திப் பிடித்தாள். தெர்மாமீட்டர் அறையின் சூட்டுக்கே இறங்கி இருபத்தொன்பதில் வந்து நின்றது. சூப்பர்வைசர் நோட்டை நீட்டினார். நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.