வெறும் இரைச்சல்

கிளினிக் கதவு என் மாமனாருக்குத் திறக்கவில்லை. மார்பில் பதித்த சிப் துடிப்பைச் சொன்னால்தான் அது திறக்கும். அவருடையது பூஜ்யம் என்றது.

"கொஞ்சம் நடந்துட்டு வாங்கய்யா, துடிப்பு ஏறும்," என்றாள் நர்ஸ் பெனிட்டா. காலையிலிருந்து இவர் நான்காவது ஆளாம். நால்வருமே எழுபதைத் தாண்டியவர்கள்.

வராந்தாவில் மூன்று முறை நடந்துவிட்டு மூச்சிரைக்க வந்தார். கதவு அசையவில்லை.

"எம்மேலதாம்மா தப்பு," என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "நெஞ்சு சரியா அடிக்க மாட்டேங்குது."

இந்தச் சிப்பின் பேட்டரி பதினைந்து வருடம் உழைக்க வேண்டும் என்று, துடிப்பை எண்ணாக மாற்றும் இடத்தில் கடைசி இரண்டு பிட் இலக்கங்களை வெட்டியவள் நான். மிக மெல்லிய துடிப்புகள் அவற்றில்தான் பதிவாகும். வெறும் இரைச்சல் என்று எழுதிக்கொடுத்தேன். அதற்கு ஒரு விருதும் வாங்கினேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து அதைத் தினமும் துடைப்பவர் இவர்தான்.

டாக்டரை வெளியே அழைத்து வரலாம் என்று கதவருகே போனேன். எனக்கு உடனே திறந்தது.

பின்னால் மாமனார் பெனிட்டாவிடம் சொல்வது கேட்டது. "பாத்தியாம்மா? எம் மருமக செஞ்ச சிப்பு. அது நல்லாத்தான் வேலை செய்யுது."