மஞ்சள் கட்டம்

அவன் எழுதிய முதல் டி.வி. ஆப் திரையில் ஓடியது. மனைவி ஒவ்வொரு குறையாக, அவசரமே இல்லாமல் சொன்னாள்.

"எழுத்து சின்னது. இங்கேருந்து தெரியலை."

"லேப்டாப்ல பெருசாத்தானே இருந்துச்சு?"

"டி.வி.யை யாராவது மடியில வெச்சா பார்ப்பாங்க?"

சிரித்தபடியே எழுத்தைப் பெரிதாக்கினான்.

"ரிமோட்டை அழுத்தினா மஞ்சள் கட்டம் எங்க போகுதுன்னே தெரியலை. கோட்டைத் தடிமனாக்குங்க."

"ஆகட்டும் தாயே."

"பேக் பட்டனைத் தொட்டா எல்லாமே மூடிக்குது. என்னைக் கேட்டுட்டு மூடணும்."

அதையும் திருத்தினான். அப்போது வெளியூரிலிருந்து வந்த அவன் தங்கை, தோளில் பையோடு அறைக்குள் நுழைந்தாள்.

"யாருண்ணே பேசறது? அண்ணியாலதான்..."

கட்டிலைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது. பக்கவாதம் வந்த நாள் முதல் ஒரு வார்த்தை பேசாத அண்ணி அப்படியேதான் படுத்திருந்தாள். வலது கட்டைவிரல் மட்டும் ரிமோட்டின் மேல் அசைந்தது. திரையில் மஞ்சள் கட்டம் எழுத்துக்கு எழுத்து தாவியது. தங்கை பையை இறக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

கட்டம் நின்றது. டி.வி. பேசியது.

"வாம்மா. முதல்ல பையைக் கீழ வை. ஆறு மாசமா உங்கண்ணனைத் திட்டாம வாய் நமநமன்னு இருந்துச்சு."