இருபத்தைந்து மீற்றர்

விடை ஒரு செக்கன் என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டார் என் கணவர் ரிஸ்மி.

"இதெல்லாம் ஒரு கணக்கா?" என்று பேனையை மூடினார்.

கொப்பி மகள் நுஹாவுடையது. இருபத்தைந்து மீற்றர் உயரமான மாடியில் நின்று, செக்கனுக்கு இருபது மீற்றர் வேகத்தில் ஒரு பந்தை நேரே மேலே எறிந்தால், அது நிலத்தில் விழ எவ்வளவு நேரம் எடுக்கும்?

அஸர் தொழுதுவிட்டு அவருடைய நானா ரஸீனும் தேத்தண்ணி குடிக்க வந்திருந்தார். தம்பியின் கெட்டித்தனத்தைப் பார்க்க வரச்சொல்லி ரிஸ்மிதான் கூப்பிட்டிருந்தார்.

நுஹாவுக்கு ஏ.எல். வகுப்பு தொடங்கி மூன்று கிழமை ஆகப்போகிறது. அவளுக்கு விஞ்ஞானப் பிரிவுதான் வேண்டும். அதற்கான படிவத்தில் வாப்பா கையெழுத்து வைக்க வேண்டும். நாளை கடைசி நாள்.

அவரோ தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "எனக்கு ஏலாத ஒரு கணக்க நீ செஞ்சு காட்டு புள்ள, அப்ப சைன் வெக்கிறேன்." ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவர் அல்லவா. அந்த ஒற்றை ஏயை இன்றுவரை தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

நாளுக்கு ஒரு கணக்காகப் பதினேழு நாளும் அவரே வென்றார். சமன்பாடு சமப்படுத்துவது, இத்தனை கிராம் உப்பில் எத்தனை மூல், இரும்புக் குண்டின் அடர்த்தி. ஒவ்வொன்றையும் கண்டி டவுனில் இருக்கும் எங்கள் புடவைக் கடையில் சொல்லிப் பீற்றிக்கொண்டார். மகளுக்கு விஞ்ஞானம் சரிவராது என்றும் சேர்த்துச் சொன்னார்.

நான் பக்கத்தில் இருந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் பேராதனை கெம்பஸில் இடம் கிடைத்து எனக்குக் கடிதம் வந்தது. புது மாப்பிள்ளையாக இருந்த இந்த மனிதர் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கெமிஸ்ட்ரி படித்தால் அடுப்பு நன்றாக எரியுமா என்று கேட்டுச் சிரித்தார். பதிவுத் திகதி முடியும்வரை சாவி அவருடைய சட்டைப் பையில் கிடந்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.

நுஹா கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, பந்து மேல போய் முடியவே ரெண்டு செக்கன் வேணுமே. ஒரு செக்கன்ல எப்படிக் கீழ விழும்?"

ரஸீன் மச்சான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

நுஹா பேனையை எடுத்து, இருபதுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டாள். மூன்று வரியில் முடிந்தது. விடை ஐந்து செக்கன்.

மச்சானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவருக்கு முகம் கறுத்துப்போனது. நானாவுக்கு முன்னால் சொன்ன சொல்லை விழுங்கவா முடியும்? படிவத்தை இழுத்துக் கையெழுத்தை வைத்தார்.

எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஒரு விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. நுஹாவின் வகுப்பில் இந்த மூன்று கிழமையும் யாரும் வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை.

பதினெட்டுக் கணக்கும் நான் போட்டவை. அவர் கடைக்குப் போன பிறகு எழுதுவேன். நுஹா தன் கையால் கொப்பியில் பிரதி பண்ணுவாள். முதல் நாளே அவரை விழுத்தச் சொல்லிக் கெஞ்சினாள் பிள்ளை. நான்தான் விடவில்லை. அந்தப் பதினெட்டு வருஷத்துக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் என்று உயர ஏறட்டும், பிறகு விழட்டும் என்றேன். இருபத்தைந்து மீற்றர் என்று போட்டதும் அதற்காகத்தான். குறியைப் பிழையாகப் போட்டாலும் விடை முழு எண்ணாக, அழகாக வரும். மனிதருக்குச் சந்தேகமே வராது.

"இன்னொண்டு கொண்டா," என்றார் அவர், மச்சானைப் பார்க்காமல்.

"பாவம் உம்மா, விடுங்க," என்று நுஹா என் காதுக்குள் சொன்னாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கொப்பியில் அடுத்த பக்கத்தைப் புரட்டி, நானே அவர் முன்னால் வைத்தேன்.

அந்தக் கணக்கில் ஒரு தரவை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன். யார் செய்தாலும் விடை வராது.

மச்சான் போய்விட்டார். மஃரிப் தொழுகைக்குப் பாங்கும் சொல்லியாயிற்று. அவர் இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை.